பெட்டி ஒன்று, திறக்கவில்லை

"மூடுறதுக்கு முன்னால உள்ளே பார்த்தியா, ரிபேகா?" என்று வேலையின் முதல் நாள், தீவுக்கு எலி போகாமல் பார்த்துக்கொள்ளும் ஐல்சா அக்கா கேட்டாள். என் சாப்பாட்டுப் பையைத்தான் சொன்னாள். நான் பார்க்கவில்லை. ஓர் ஆப்பிளும் இரண்டு ரொட்டித் துண்டும் இருக்கிற பையில் பார்க்க என்ன இருக்கிறது? அவள் பையைக் கவிழ்த்து மேசையில் கொட்டினாள். "எலிக்கு இதுதான் பஸ்ஸு. டிக்கெட்டே எடுக்காம ஏறிடும்."

அன்றிலிருந்து அது என் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவளுக்கு, யாரோடும் அதிகம் பேசாமல் செய்யக்கூடிய வேலை. துறைமுகத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. தீவுக்குப் போகிறவர் எவரானாலும் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு பையைக் கொட்ட வேண்டும். நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன், செருப்பின் அடியைத் தேய்ப்பேன், திரும்ப அடுக்கி முத்திரை ஒட்டுவேன், பதிவேட்டில் எழுதுவேன்.

இந்த விதியைக் கொண்டுவந்ததே என் தாய்மாமா ஹோவானிதான். தீவு எங்கள் குடும்பங்களுக்குச் சொந்தம். அவர் தீவுக் குழுத் தலைவர். அறுபது வருஷத்துக்கு முன்னால் படகுக் கயிறு வழியாக இறங்கிய எலிகள் அங்கிருந்த டியெக்கே பறவைகளை ஒன்று விடாமல் தின்று தீர்த்தன. கறுத்த உடம்பு, முதுகில் சேணம் போட்டதுபோல் செங்காவி. கைக்கெட்டும் உயரத்தில் மரப்பொந்தில் தூங்கும் பறவை. எலிக்குப் பந்தி விரித்த மாதிரி. ஹெலிகாப்டரில் நஞ்சு தூவி எலிகளை ஒழித்து, இரண்டு வருஷம் சோதித்துப் பார்த்த பிறகு, இந்த மார்ச்சில் வேறொரு தீவிலிருந்து நாற்பத்திரண்டு டியெக்கேக்களைக் கொண்டுவந்தோம்.

கொடுத்தவர்கள் வேறு குடி. அவர்கள் கையிலிருந்து பறவைகளை வாங்கும்போது மாமா தன் அப்பாவின் இறகுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். போர்வை மரப்பெட்டியில் என் சோதனை அறைக்கு வந்தது. அது தபு, தீட்டுப்படக்கூடாத புனிதப் பொருள். இறந்தவர்களைப் போர்த்தியது, கண்டவர் கை படக்கூடாது, சாப்பாடு இருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. என் மேசையிலோ ஊரார் ரொட்டியும் வெண்ணெயும் பரப்பிக் கிடந்தன.

"இந்த மேசையிலயா வைக்கச் சொல்றே? போன வாரம் நானே மடிச்சு வச்சதுதான். போதும்," என்றார் மாமா.

பதிவேட்டில் மட்டும் எழுதினேன்: பெட்டி ஒன்று, திறக்கவில்லை.

அந்த ஒரு வாரமும் பெட்டி அவருடைய படகுக் கொட்டகையில் கிடந்தது.

தீவில், தன் குடிசைக்குள் தனியாகப் போய்ப் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். ஒரு மூலையை உள்பக்கமாக மடித்துக் கையால் பிடித்திருந்தார். அதுதான் முறையோ என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஐல்சா அக்காவும் நானும் தீவுக்கு எலிச் சோதனைக்குப் போனோம். சின்னச் சின்னக் கூண்டுகளில் மை தடவிய அட்டை வைத்து, நடுவில் வேர்க்கடலை வெண்ணெய் தடவியிருப்போம். தின்ன வருவது காலடியைப் பதித்துவிட்டுப் போகும். மாமாவின் குடிசைக்குப் பின்னால் இருந்த அட்டையில் எலிக் காலடி. அடுத்த மரத்தடியில் ஒரு டியெக்கே. கொண்டுவந்தபோது மாட்டிய நீல வளையம் காலில் இருந்தது, தலை இல்லை.

மறுநாளே மாமா குழுவோடு வந்து குடிசையில் கூட்டம் போட்டார். எலி ஆங்கஸின் படகிலிருந்துதான் வந்தது என்று பழி போட்டார். ஆங்கஸ் சிங்கி இறால் பிடிப்பவன்; காற்று மோசமானால் தெற்குக் குடாவில் நங்கூரம் போடுவான். இனி அவன் அங்கே ஒதுங்கக்கூடாது, இருக்கிற பொறிகள் அத்தனையும் தெற்கே போக வேண்டும் என்றார்.

"என் படகுல ஏறுற எலி வாந்தி எடுத்தே செத்துரும், ஹோவானி," என்றான் ஆங்கஸ். ஒருவரும் சிரிக்கவில்லை.

பறவைகள் இருப்பது வடக்கே, இந்தக் குடிசையைச் சுற்றி. பொறிகளைத் தெற்கே கொண்டுபோனால் எலி இங்கே பொந்து பொந்தாக ஏறி இறங்கும். மாமாவுக்கு அது தெரியாதா? கையோடு கொண்டுவந்திருந்த பதிவேட்டைப் பிரித்து, பெட்டியைப் பற்றிய அந்த வரியை உரக்கப் படித்தேன். திரும்பவும் படித்தேன்.

"சின்னப் பொண்ணு பேசுற இடமா இது?" என்றார்.

"பெட்டியைத் திறங்க மாமா."

ஐல்சா அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, கை போன இடத்தில் தூக்கி வைத்துத் திறந்தார். போர்வையின் ஒரு மூலை கடித்துக் குதறப்பட்டிருந்தது. அடியில் இறகுத் தூள், அதன் மேல் எலிப் புழுக்கை.

"அன்னிக்கே பார்த்துட்டீங்க. அதான் மடிச்சுப் பிடிச்சிருந்தீங்க. ஊர்ல ஒரு ஆப்பிளுக்கு எத்தனை பேரைத் திட்டியிருப்பீங்க? அன்னிக்கே சொல்லியிருந்தா அது ஒரே எலி மாமா. இந்தக் குடிசையைச் சுத்திப் பொறி வச்சிருந்தா முடிஞ்சிருக்கும். அது சினையா இருந்திருந்தா இப்ப எத்தனைன்னு சொல்லுங்க."

ஐல்சா அக்கா பொறி மூட்டையை அவிழ்த்து, இரண்டு பொறிகளை எடுத்துக்கொண்டு குடிசைக்குப் பின்பக்கம் போனாள். ஆங்கஸும் நான்கைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

மாமா தொப்பியை எடுத்தார். பெட்டி, தேநீர்க் கோப்பைகளுக்கும் பாதி தின்ற ரொட்டிக்கும் நடுவே, சாப்பாட்டு மேசையில் திறந்தபடி இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, படகை நோக்கி இறங்கிப் போனார்.