ஐம்பத்து நான்கு படிகள்

நாற்காலியின் கால்களில் கயிற்றைக் கட்டி முடித்ததும் ஸ்பேனர் அதைத் தூக்கி ஒருமுறை உலுக்கிப் பார்த்தான். அது அவன் பட்டப்பெயர்; அவள் கணவருடன் இருபது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன். எந்த முடிச்சையும் சோதிக்காமல் நம்பமாட்டான்.

“உட்காருங்க அண்ணி. நாலு பேர் இருக்கோம், அலுங்காம இறக்கிடுவோம்.”

“நான் நடந்தே வரேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மகளின் கை அப்படியே நின்றது. “அம்மா, இன்னிக்குமா பிடிவாதம்? நாலு மணிக்கு வண்டி கிளம்பணும். மூணு மாடிம்மா.”

“ஐம்பத்து நாலு படி. தெரியும்.”

கீழே, வாசலை ஒட்டிய நடையில் அவர் படுத்திருந்தார். காலையில் வேலைக்குப் போனவரை நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மதியம் உயிரில்லாமல் கொண்டுவந்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் படித் திருப்பத்தில் திரும்பாது என்று ஸ்பேனர் டேப் வைத்து அளந்து சொல்லிவிட்டான். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைத்தவர் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தது அக்கம்பக்கத்தில் பழைய கேலி.

பதினான்கு மாதங்களுக்கு முன் குளியலறையில் அவளது இடது முழங்கால் சட்டென்று மடங்கியது. விழுந்தாள். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார். அந்த ஒரு சொல் கணவருக்குப் போதுமாயிருந்தது.

“தேஞ்ச பேரிங்கை ஓட்டக்கூடாது. நிறுத்தி வச்சாத்தான் மிச்சமாவது நிக்கும்.”

அன்றிலிருந்து தண்ணீர், துணி, சீப்பு எல்லாம் அவள் கைக்கே வந்தன. எழப்போனால் “உட்காரு, உட்காரு” என்று ஓடி வருவார். அந்த அன்பை எப்படித் தட்டிவிடுவது? உட்கார்ந்தாள். உட்கார உட்கார இடது தொடை மெலிந்தது. நின்றால் கால் வேறு யாருடையதோ போல் ஆடியது. ஆட ஆட அவர் இன்னும் பயந்தார்.

ஐந்து மாதங்களுக்கு முன் வந்த பிசியோதெரபிப் பெண்தான் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “மூட்டு தேஞ்சிருக்கு, சரி. ஆனா அதை இழுத்துப் பிடிக்கிற தசையைத் தூங்க வச்சது யாரும்மா? நீங்களா, சாரா?”

அவர் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணுவாள். பிறகு கையூன்றாமல் எழுந்தாள். பிறகு படி. ஒரு மாடி இறங்கி ஏறும்வரை வந்திருந்தாள். மூன்றையும் முடித்து, ஒரு மாலை அவர் வரும்போது வாசலில் நிற்கவேண்டும். ‘லிஃப்ட் பேரிங்கை நம்பியா இருக்கு? கயித்தை நம்பித்தானே இருக்கு?’ என்று தொடையைத் தட்டிக் காட்டவேண்டும். சொல்லவேண்டிய வாக்கியத்தைக்கூட மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

இப்போது கைப்பிடியைப் பற்றினாள். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இடது பாதத்தை வைத்து, வலதை அதனருகில் சேர்த்தாள். வெறும் நாற்காலியைச் சுமந்துகொண்டு ஸ்பேனர் முன்னால் பின்பக்கமாகவே இறங்கினான்.

“முடியலன்னா சொல்லிடுங்க அண்ணி. வெக்கப்படாதீங்க.”

“மூச்சு உனக்குத்தான் வாங்குது. வேணும்னா நீ அதுல உட்காரு.”

மகள் அழுகையினூடே சிரித்துவிட்டாள்.

இரண்டாவது மாடியைத் தாண்டியதும் மூட்டுக்குள் மணலை வைத்து அரைப்பதுபோல் வலித்தது. வலி பழகியதுதான். அவள் பயந்தது அந்த ஒரு கண மடங்கலுக்கு. கடைசித் திருப்பத்தில் அது வந்தது. முழங்கால் பக்கவாட்டில் வெடவெடத்தது. நான்கு பக்கமிருந்தும் கைகள் நீண்டன.

“யாரும் தொடாதீங்க.”

தொடையை இறுக்கினாள். ஐந்து எண்ணினாள். கால் நின்றது. பதினான்கு மாதங்களுக்குப் பிறகு அவளுடைய கால். கீழே வண்டி ஓட்டுநர்கூட மணி பார்ப்பதை விட்டு அண்ணாந்து பார்த்தார்.

ஐம்பத்து நான்கு.

யாரோ ஸ்டூலை நகர்த்தினார்கள். அவள் உட்காரவில்லை. அவரது தலைமாட்டில் நிமிர்ந்து நின்றாள். நெடுநேரம் நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்தும் உட்காரச் சொல்லாமல் படுத்திருந்தார் அவர்.

வண்டி மெல்ல நகர்ந்தபோது அவளும் பின்னாலேயே தெருவில் இறங்கினாள்.

“அம்மா, எங்க போற?”

“முனை வரைக்கும்.”

முனையில் திரும்பி வண்டி மறைந்தது. அவள் நடப்பதை நிறுத்தவில்லை. பின்னால் தண்ணீர் கேன் ஏற்றிய சைக்கிள் ஒன்று விடாமல் மணியடித்தது.

“நடுத்தெருவுல நடக்கறீங்களேம்மா, ஓரமாப் போங்க!”

ஓரடி ஒதுங்கி நின்று அவனுக்கு வழிவிட்டாள். அவன் போனதும் மறுபடி நடுத்தெருவுக்கே வந்தாள்.