திங்கட்கிழமை வரும் பெட்டிகள்

பெற்றவள் "நீ போய் அவளைக் கூட்டிட்டு வா" என்றால் நாற்பத்து மூன்று வயதிலும் மறுக்க முடியுமா? யோரிகோ மறுக்கவில்லை. தான் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமையே புகுயாமாவிலிருந்து தோக்கியோ வந்தாள். கால் நீட்டினால் சுவர் இடிக்கும் ஒரு விடுதி அறையில் படுத்தெழுந்து, வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே ஹனேதா விமான நிலையத்தின் வருகைக் கதவுக்கு எதிரே நின்றுவிட்டாள். தங்கை மிஹாரு கனடா போய் ஆறு வருடம் ஆகிறது. முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு வழி காட்ட ஆள் வேண்டுமாம்.

"அவ்வளவு பெட்டியோட அந்தக் கூட்டத்துல புள்ள தனியா என்ன பண்ணும்?" என்று அம்மா தெருயோ கவலைப்பட்டாள்.

புள்ள! யோரிகோவை அம்மா அப்படிக் கூப்பிட்டுப் பல வருடம் இருக்கும். கூடவே இருக்கிறவளுக்குப் பெயர் போதும். தூரத்தில் இருக்கிறவள்தான் புள்ள.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மூன்றாம் நினைவுச் சடங்கு. பிட்சு மந்திரம் ஓதி முடித்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், குடும்பத்தில் ஒருவர் எழுந்து வந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் குரல் எழும்பாது. அதனால் யோரிகோ பேசுவதாக இருந்தது. படுக்கையில் கிடந்த அப்பாவை நாலு வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தவள் அவள். இரண்டு மாதமாக எழுதி, வேலைக்குப் போகும்போது காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமாகப் பேசிப் பழகினாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, மிஹாரு வருகிறாள் என்ற செய்தி வந்தது.

"அப்போ அவளே பேசட்டும்" என்றாள் அம்மா. "அவளுக்கு நாலு பேர் முன்னால பேசிப் பழக்கம். உனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

அப்பாவின் இறுதிச் சடங்குக்கு மிஹாருவால் வரமுடியவில்லை. விமானம் கிடைக்கவில்லை என்றாள். இப்போது வந்து, முன்னால் நின்று, எல்லார் சார்பிலும் பேசப் போகிறாள். 

கதவு திறந்து மிஹாரு வந்தாள். தள்ளுவண்டியில் ஆள் உயரத்துக்கு இரண்டு பெரிய பெட்டிகள், அதன்மேல் ஒரு சின்னப் பெட்டி, முதுகில் ஒரு பை. பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்தவள் கொஞ்சமாவது கசங்கியிருக்க வேண்டாமா? பளிச்சென்று இருந்தாள். அத்தனை பேர் நடுவில் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா! இளைச்சுட்டியே!"

"நீ இளைக்கல" என்றாள் யோரிகோ. மிஹாரு அதற்கும் சிரித்தாள்.

பெரிய பெட்டிகளோடு காலை நேரத்து ரயிலில் ஏற எந்த மடையனும் துணியமாட்டான். வீட்டுக்கு அனுப்பிவைக்கும் கூரியர் முகப்பு அந்தத் தளத்திலேயே இருந்தது. வரிசையில் நின்றார்கள்.

"அக்கா, என் கறுப்பு உடை அந்த நீலப் பெட்டியில இருக்கு. நாளைக்கு வந்துடும்ல?"

"வந்துடும்."

"சீட்டை நீயே எழுதிடேன். என் கையெழுத்து இப்பல்லாம் கோழி கிண்டின மாதிரி ஆயிடுச்சு. நான் மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன்."

போய்விட்டாள். யோரிகோ முகவரி எழுதினாள், தொலைபேசி எண் எழுதினாள், 'உள்ளே இருப்பது: துணிமணி' என்று எழுதினாள். அடுத்தது, எந்தத் தேதியில் வேண்டும் என்ற கட்டம். அங்கே பேனா நின்றது.

அவள் கெட்டவள் இல்லை. நோயாளி மறந்து வைத்த குடையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை ஓடுகிறவள். ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் ஒன்று தோன்றிவிட்டது. கறுப்பு உடை இல்லாதவளை யார் முன்னால் நிறுத்துவார்கள்? வழிப்பயண நீலக் கால்சட்டையோடு பிட்சுவுக்குப் பக்கத்தில் நிற்க அம்மாவே விடமாட்டாள். அப்புறம் யார் பேசுவது? இருக்கிறவள்தானே பேச வேண்டும்.

திங்கட்கிழமைத் தேதியை எழுதினாள். அடிச்சீட்டுவரை பதியும்படி நன்றாக அழுத்தி எழுதினாள்.

முகப்பில் இருந்த பெண் வாசித்துச் சரிபார்த்தாள். "திங்கட்கிழமை, மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலுக்குள்ள. நாளைக்கே கொண்டு சேர்க்க முடியுங்க, பரவாயில்லைங்களா?"

"திங்களே போதும். அன்னைக்குத்தான் வீட்ல ஆள் இருப்போம்."

அந்தப் பெண் குனிந்து வணங்கிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். மிஹாரு ஈர முகத்தோடு திரும்பி வந்தபோது சீட்டு யோரிகோவின் கைப்பைக்குள் போயிருந்தது. தங்கையின் கைக்குச் சின்னப் பெட்டி. அக்காவின் இரு கைக்கும் தங்கை வாங்கிவந்த பரிசுப் பொருள்களின் பைகள்.

ஷினகாவா போகும் ரயிலில் மூச்சு விட இடமில்லை. ஏறுகிறவர்கள் எல்லாரும் முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொண்டு ஏற, மிஹாரு மட்டும் முதுகிலேயே போட்டுக்கொண்டு ஏறினாள். யோரிகோ பார்த்தாள், சொல்லவில்லை. மிஹாரு இந்தப் பக்கம் திரும்பினால் பை அந்தப் பக்கம் ஒருவரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டியது. பின்னால் ஒருவர் இருமினார். இன்னொருவரும் இருமினார். இந்த ஊர் ரயிலில் அதற்குமேல் திட்டமாட்டார்கள். ஓட்டுநர் பிரேக் போட்டதும் சின்னப் பெட்டி உருண்டு போய் ஓர் அலுவலகக்காரரின் முழங்காலுக்குக் கீழே நச்சென்று மோதியது. யோரிகோவுக்குச் சர்க்கரை தின்றமாதிரி இருந்தது.

மிஹாரு தலையைத் தலையை ஆட்டி வணங்கினாள். "ஐயையோ, மன்னிச்சுக்குங்க! ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் வரேன். எல்லாம் மறந்துபோச்சு. இந்தப் பையைக்கூட முன்னால மாட்டணும்ல?"

அடிபட்டவர் சிரித்தார். காலையில் ரயிலில் சிரிக்கிற மனுஷன்! பெட்டியை வாங்கி மேல்தட்டில் தூக்கி வைத்தார். "ஊருக்கு வந்திருக்கீங்க, நல்லபடியா போய்ச் சேருங்க" என்றார். பக்கத்தில் நின்ற பெண், பை கழற்ற உதவியதோடு, தான் பிடித்திருந்த தொங்குபிடியையும் மிஹாருவுக்கு விட்டுக்கொடுத்தாள்.

யோரிகோவின் இரு கையிலும் பைகள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அடுத்த பிரேக்கில் ஒரு குதிகால் அவள் கால்விரலை மிதித்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஷினகாவாவில் அதிவேக ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் மிஹாரு அந்தப் பேச்சை எடுத்தாள். ஜன்னலோர இருக்கை அவளுக்கு; கேட்காமலே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா என்னைப் பேசச் சொன்னா. உனக்குச் சரிதானேக்கா?"

"எனக்கென்ன?"

"இல்ல, நீதான் கூட இருந்தே. உனக்கு ஆசைன்னா நீயே பேசு."

இதைக் கேட்கத்தான் பத்து நாளாகக் காத்திருந்தாள். ஆனால் கொடுத்தவுடன் கை நீட்டி வாங்கிக்கொள்ளும் வழக்கம் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை, இரண்டாம் தடவை வேண்டாம் என்பது அடக்கம், மூன்றாம் தடவைதான் சரி என்பது.

"சேச்சே, எனக்கெதுக்கு? நீயே பேசு."

கனடாக்காரிக்கு இரண்டாம் தடவை கேட்கத் தெரியவில்லை. "சரிக்கா" என்றாள். சாப்பாட்டுப் பெட்டியைப் பாதி காலி செய்துவிட்டு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

தூங்கும் முகத்தில் பத்து வயது மிஹாரு தெரிந்தாள். யோரிகோவுக்கு மனம் உறுத்தியது. நேரம் இன்னும் கடந்துவிடவில்லை. சீட்டில் எண் இருக்கிறது; கூப்பிட்டுத் தேதியை மாற்றச் சொன்னால் மாற்றிவிடுவார்கள். ரயிலின் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கதவோரம் போய் நின்று எண்களை அழுத்தினாள். கடைசி எண்ணுக்கு முன் அம்மாவின் அழைப்பு வந்துவிட்டது.

"புள்ள ஏதாவது சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. தூங்கறா."

"எழுப்பாதே. இறங்கறப்ப பெட்டியை நீ தூக்கிக்கோ. அவளுக்கு இடுப்பு பிடிச்சுக்கப் போவுது."

"சரிம்மா. நான் இன்னும்..."

அம்மா போனை வைத்துவிட்டாள். காலையிலிருந்து யோரிகோவின் வாயில் ஒரு சோற்றுருண்டைகூடப் போயிருக்கவில்லை. அதை யார் கேட்டார்கள்? சீட்டை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் திணித்தாள்.

சனிக்கிழமை முழுவதும் மிஹாரு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவுச் சாப்பாட்டு நேரம் ஆகியும் வண்டி வரவில்லை. புகுயாமாவை ஒட்டி அவர்கள் இருக்கும் சின்னத் துறைமுக ஊரில் ஆறு மணிக்கே கடைகளைச் சாத்திவிடுவார்கள். உடை வாங்கவும் வழி இல்லை.

"சீட்டு எங்க? கூப்பிட்டுக் கேளுங்க" என்றாள் அம்மா.

யோரிகோ கைப்பைக்குள் வெகுநேரம் தேடுகிறவள்போல் தேடினாள். இதற்குமேல் தேட முடியாது என்றானதும் எடுத்துக் கொடுத்தாள். மிஹாரு விரித்துப் பார்த்தாள். தேதிக் கட்டத்தில் அவள் கண் நின்றது. அக்காவின் உருண்டையான, அழுத்தமான கையெழுத்து. மிஹாரு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். யோரிகோவின் காது மடல் சுட்டது. இதோ சொல்லப்போகிறாள், சொல்லட்டும், கத்தட்டும், நானும் நாலு வருடத்தையும் சேர்த்துக் கத்திவிடுகிறேன் என்று நின்றாள்.

"என் தப்பும்மா" என்றாள் மிஹாரு. "விமானத்துலேர்ந்து இறங்கினதும் நாள் குழம்பிடுச்சு. நான்தான் அக்காகிட்ட திங்கள்னு சொன்னேன்."

"பாவம், என்ன அசதியோ புள்ளைக்கு" என்றாள் அம்மா. அடுத்த மூச்சில், "யோரிகோ, உன் உடையைக் குடு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே. நீ பின்னால சாப்பாடு, டீ பாக்கறவ. உனக்குக் கறுப்பு ஸ்வெட்டரே போதும்" என்றாள்.

தான் வெட்டின குழியைத் தானே அளந்து பார்ப்பதுபோல யோரிகோ அலமாரியைத் திறந்தாள்.

மறுநாள் காலை, அந்த உடையைத் தங்கைக்கு மாட்டிவிட்டு முதுகுப்புற ஜிப்பை மேலே இழுத்தாள். அவளுக்குத் தோளில் கொஞ்சம் தொங்கும் உடை மிஹாருவுக்குத் தைத்ததுபோல் பொருந்தியது.

"அக்கா, கேட்டிருந்தா பேசறதை உனக்கே குடுத்திருப்பேனே" என்றாள் மிஹாரு, திரும்பாமலே.

"கேட்டு வாங்கறதுக்கு அது உன்னோடதா? என்னோடதுடி அது."



கோயில் மண்டபத்தில் இருபத்தேழு பேர். கடைசி வரிசைக்கும் பின்னால், சாப்பாட்டுப் பெட்டிகள் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில் ஸ்வெட்டரோடு யோரிகோ நின்றாள். மந்திரம் முடிந்தது. மிஹாரு எழுந்து வணங்கினாள்.

"எங்கப்பா கடைசி நாலு வருஷம் படுக்கையில இருந்தாரு. ஒரு நாளும் புண் வராம பாத்துக்கிட்டது எங்கக்கா. நான் எதுவுமே செய்யல. சாவுக்குக்கூட வரல. இங்க நின்னு பேசற தகுதி அவளுக்குத்தான். பேசுன்னு சொன்னேன், அடக்கமா வேணாம்னுட்டா. அதனால அவ சார்பா நான் உங்களுக்கு நன்றி சொல்றேன்."

அவ்வளவுதான் பேசினாள்; மறுபடி குனிந்து வணங்கினாள். மண்டபத்தில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. அம்மா குலுங்கினாள். அப்பாவின் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய மனசு இந்தப் பொண்ணுக்கு!" என்றார். சொன்னது மிஹாருவை.

நாலு வருடம் மலம் அள்ளியவள் ஒருத்தி. அதைச் சொல்லிப் பெயர் வாங்கியவள் இன்னொருத்தி. இத்தனைக்கும் அவள் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அதுதான் யோரிகோவுக்குத் தாங்கவில்லை. பொய்யாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

சாப்பாட்டுப் பெட்டிகளை ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து வைத்துக்கொண்டே போனாள். சடாயே அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அழுததில் அத்தையின் மூக்கு சிவந்திருந்தது.

"இப்படி ஒரு தங்கச்சி அமைய நீ குடுத்து வச்சிருக்கணும், யோரிகோ."

"ஆமா, அத்தை" என்றாள் யோரிகோ. அடுத்த பெட்டியை எடுத்து, ரொம்ப மரியாதையாக, தங்கை முன்னால் வைத்தாள்.