குத்தூசி போட்டவள்

செஞ்சி மண்டியில் மல்லாட்டைப் பருப்பு, அதாவது வேர்க்கடலை, விற்கிறவன் கையில் அள்ளிக் காட்டுவது ஒன்று, மூட்டைக்குள் இருப்பது இன்னொன்று. இது வாங்குகிறவனுக்கும் தெரியும். அதனால்தான் அவன் குத்தூசி வைத்திருக்கிறான். நடுவில் குழிந்த இரும்பு. மூட்டையின் வயிற்றில் குத்தி இழுத்தால் உள்சரக்கு வெளியே வந்துவிடும்.

பொறுக்கிய பருப்பைக் காட்டிச் சொத்தையைத் தள்ளிவிடுவதில் ஹுசைனுக்கு மண்டியில் நல்ல பெயர். அவன் மனைவி சாகிராவும் திண்டிவனத்து மண்டிக்காரர் மகள்தான். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. மாமியார் அசீசுன்னிசா சேத்துப்பட்டில் வேறு பெண் பார்த்து வைத்திருந்தாள்.

"ஒரே ஒரு டெஸ்ட்டு, மாமி. கோளாறு என்கிட்டன்னு வந்துட்டா நானே பொட்டியத் தூக்கினு போயிடறேன்" என்று சாகிரா தவணை வாங்கியிருந்தாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து செஞ்சி ஆஸ்பத்திரிக்கு மீனம்பாள் என்றொரு டாக்டர் வந்துபோனார். பிள்ளையில்லாத ஆண்களின் விந்தில் எந்தெந்தப் புரதம் இருக்கிறது, எது இல்லை என்பது அவருடைய ஆராய்ச்சி. விந்துநீரை ஜெல்லில் வைத்து கரண்ட் பாய்ச்சுவார். புரதங்கள் பிரிந்து கோடு கோடாக நிற்கும். இருக்க வேண்டிய கோடு இல்லையென்றால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

ஹுசைனிடம் ஒரு சீசா கொடுத்தார். வாங்க வந்தவருக்கு எதைக் காட்டுவது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்பி சர்தாருக்கு மூன்று பிள்ளைகள்; சோறு அண்ணன் கடையில். கிடங்குக்குள்ளிருந்து சர்தார் சீசாவும் கையுமாக வெளியே வந்ததைச் சாகிரா ஜன்னல் வழியே பார்த்துவிட்டாள். சொல்லிப் பயனில்லை. அவள் பேச்சு அந்த வீட்டில் விலைபோகாது.

முடிவு வந்தது. எல்லாக் கோடும் சரி. அசீசுன்னிசா சேத்துப்பட்டுக்கு ஆள் அனுப்பினாள்.

டாக்டர் அடுத்த முறை வந்தபோது சாகிரா தனியாகப் போனாள்.

"டாக்டரம்மா, துணியில காஞ்சி போனதுல இந்தக் கோடு தெரியுமா?"

"உயிரணு செத்திருக்கும். புரதம் அவ்வளவு சீக்கிரம் போகாது, ஊறவெச்சு எடுத்துடலாம். ஏன் கேக்கறீங்க?"

போர்த்தியிருந்த துப்பட்டிக்குள்ளிருந்து, படுக்கையில் எடுத்து மடித்து வைத்திருந்த துணியொன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். "சீசால வந்தது மாதிரிச் சரக்கு. இது மூட்டை."

டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சிரித்தார். இந்த விவகாரத்தில் யாரும் சிரித்தது அதோடு சரி.

மறுமாதம் போட்டோ வந்தது. இரண்டு பட்டைகள், பக்கத்துப் பக்கத்தில், ஒவ்வொன்றிலும் கோடுகள்.

"இது சீசா, இது துணி. துணியில இந்தத் தடிச்ச கோடு அடியோட இல்ல பாருங்க. விந்துப்பையில சுரக்கிற புரதம். பிறவியிலேயே அந்தப் பை இல்லாதவங்களுக்குத்தான் இப்படி வரும். குறை உங்க மேல இல்லம்மா. ரெண்டும் ஒரே ஆளோடது இல்ல, அது நிச்சயம்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் முத்தவல்லி பக்ருதீன் தலாக் பேச்சு முடிக்க வீட்டுக்கு வந்திருந்தார். சாகிரா போட்டோவை அவர் முன்னால் வைத்தாள். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

ஹுசைன் அதைக் கையில் எடுத்து, சரக்கைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"டாக்டரம்மா சொன்னது கரெக்டுதான். ரெண்டு ஆளு" என்றான். "சீசால இருந்தது என்னுது. நானே கொண்டுபோய்க் குடுத்தேன். துணில இருந்தது எவனோடது?"

"அல்லாவே!" என்றாள் அசீசுன்னிசா.

"சீசா சர்தாரோடது! என் கண்ணால பாத்தேன். சர்தாரு, உன் புள்ளைங்க தலைமேல கைய வெச்சிச் சொல்லு!"

சர்தார் தரையைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி."

"அப்ப இன்னொரு தடவ குடுக்கச் சொல்லுங்க. டாக்டரம்மா எதிர்ல."

பக்ருதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சீச்சீ, இன்னா பேச்சும்மா இது? ஒரு ஆம்பளைய நிக்க வெச்சி இதக் கேக்க முடியுமா?"

மண்டியில் குத்தூசி போடும்போது விற்கிறவனும் தரகனும் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் குத்தி எடுத்த பிடி செல்லாது. எந்த மூட்டையில் எடுத்தாய் என்று கேட்டால் பதில் கிடையாது. சாகிரா சின்ன வயசிலிருந்து அத்தா மண்டியில் பார்த்ததுதான். அவளுக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தலாக் அன்றைக்கே முடிந்தது. ஊருக்குச் சொல்லக் காரணமும் தயாராக இருந்தது: நடத்தை கெட்டவள். பிள்ளையில்லாதவள் என்று அனுப்பியிருந்தால்கூட அத்தா வீட்டில் ஒரு மூலை கிடைத்திருக்கும். இப்போது போட்டோவோடு போகிறாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை சர்தார் வந்தான். அமாவாசை, மேல்மலையனூர் கோயிலுக்கு விட்ட ஸ்பெஷல் பஸ்கள் நிறைந்து போய்க்கொண்டிருந்தன. திண்டிவனம் பஸ்ஸைக் காணோம்.

"மூணு புள்ளைங்க அண்ணி" என்றான் சர்தார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "அண்ணன் கடைய விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல."

சாகிரா போட்டோவை நீட்டினாள். "சேத்துப்பட்டுக்காரி வருவா இல்ல, அவகிட்ட குடு. சாட்சிய வெச்சினு குத்தச் சொல்லு."

சர்தார் பெட்டியைக் கீழே வைத்தான். கையை நீட்டவில்லை.