நாப்பாவுக்கு நாம போறோம்

மெமோரியல் டே லாங் வீக்கெண்டுக்கு நாப்பா போகலாம் என்று நான் சொன்னதும் செழியன் தலையாட்டினார். தலையாட்டுவதில் என் கணவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மில்பிடாஸில் வீடு வாங்கலாமா என்று கேட்டபோதும் தலையாட்டினார், ரசத்தில் உப்பு சரியா என்று கேட்டாலும் அதே ஆட்டல்தான். முழுப்பெயர் நெடுஞ்செழியன். ஆபீஸில் அதை வெட்டி 'நெட்' ஆக்கிவிட்டார்கள், அதற்கும் தலையாட்டினார்.

நாப்பா ஒயின் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர், ஆனால் எனக்கு ஒயின் மேல் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. கோப்பையைச் சுழற்றிச் சுழற்றி மோந்து பார்த்து, இதில் செர்ரி வாசம் வருகிறது என்று சொல்லும் பொறுமை இந்தக் கோபிச்செட்டிபாளையத்துக்காரிக்கு வராது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு மேசை. எதிரே அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் மகள் கூடாது, லேப்டாப் கூடாது. அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

என் கம்பெனி எனக்குப் பார்சிப்பனியில் டைரக்டர் வேலை கொடுத்திருந்தது. இங்கிருந்து நாட்டின் அந்தக் கோடி, நியூ ஜெர்சி. லாங் வீக்கெண்ட் முடிந்த செவ்வாய்க்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். புனேயிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்தது அவர் வேலைக்காக. ஹூஸ்டனிலிருந்து இங்கே வந்ததும் அவர் வேலைக்காகத்தான். இரண்டு முறையும் இருந்த வேலையை விட்டுவிட்டுப் பெட்டி கட்டியவள் நான். எனக்காக ஒரே ஒரு முறை அவர் பெட்டி கட்டுவாரா, மாட்டாரா? அதுதான் கேள்வி. வீட்டிலேயே கேட்கலாமே என்பீர்கள். வீட்டில் வாயைத் திறந்தால், "இரு தாமரை, இந்த ஒரு கால் முடிச்சிட்டு வந்துடறேன்" என்பார். அந்தக் கால் முடிந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே மும்முரமாகத் திட்டம் போட்டேன். டவுனுக்கு நடுவில், ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு ஹோட்டல். காலையில் ஒரு ஒயினரி, மதியம் இன்னொன்று. சனிக்கிழமை ராத்திரி நல்ல ரெஸ்டாரண்ட் ஒன்றில் இரண்டு பேருக்கு மேசை. அது லேசில் கிடைக்கவில்லை. மீட்டிங்கில் இருக்கும்போதுகூட ஃபோனைத் திறந்து திறந்து பார்த்து, யாரோ கேன்சல் பண்ணிய இடத்தைப் பாய்ந்து பிடித்தேன். எங்கள் மகள் மாளவிகாவை ஷ்யாமளா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஷ்யாமளாவும் அவள் கணவன் வாஞ்சிநாதனும் அடுத்த தெரு. வாஞ்சிநாதனுக்கு என் கம்பெனியிலேயே வேறு டீமில் வேலை.

ஒரு சாயங்காலம் செழியன் வாஞ்சிநாதனோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"லாங் வீக்கெண்டா? நாம நாப்பா போறோம்டா."

நாம. நாங்க என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் கேட்பவன் தமிழன். நாம என்றால் தன்னையும் சேர்த்துத்தான் என்று நினைப்பானா, மாட்டானா? நினைத்தான். கொஞ்ச நேரத்தில் ஷ்யாமளா என்னைக் கூப்பிட்டாள்.

"தாமரை, அண்ணா எவ்ளோ ஸ்வீட். நாங்க இந்தத் தடவை எங்கயுமே பிளான் பண்ணல. பொண்ணுங்க ரெண்டும் குதிக்குதுங்க. எங்க அக்கா விசாலாக்ஷி வேற ஊர்லேர்ந்து வந்திருக்கா, அவளையும் கூட்டிட்டு வரலாம்ல?"

வரலாம் என்றேன். வேறு எதைச் சொல்வது? ஃபோனை வைத்துவிட்டு அவர் மேல் பாய்ந்தேன்.

"நாங்கன்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"அட, வாய் தவறி வந்துடுச்சு. புனே பழக்கம்."

எட்டு வருஷம் புனேயில் இருந்தவர். அங்கே ஆபீஸில் பேசியதெல்லாம் இந்தி, இந்தியில் 'நாம'வுக்கும் 'நாங்க'வுக்கும் சேர்த்து ஒரே 'ஹம்'. சரி, நாக்கு அப்படிப் பழகியிருக்கும் என்று நானும் நம்பினேன்.

மறுநாள் 'நாப்பா கேங்' என்று வாட்ஸ்அப் குரூப் பிறந்தது. வாஞ்சிநாதன் குடிக்க மாட்டான். "நாங்க சும்மா வியூ பாக்கறோம்" என்று எழுதினான். ஷ்யாமளா புளியோதரையும் தயிர்சாதமும் எடுத்து வருவதாக எழுதினாள். ஒயினரிக்குள் வெளிச் சாப்பாடு விட மாட்டார்கள் என்றேன். பார்க்கிங்கில் வைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றாள். ஒரு ஒயினரியில் பிள்ளைகளுக்கே அனுமதி இல்லை, அதை ரத்து செய்தேன். மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவளே கிளம்பியதால் மகளும் கிளம்பினாள். செழியன் ஒவ்வொரு மெசேஜுக்கும் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கான அந்த மேசையை மட்டும் நான் தொடவில்லை. அந்த ஒரு வேளைக்கு மற்றவர்களைப் பிட்சா சாப்பிட அனுப்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துவைத்த துணியை மறுபடி மெஷினில் போட்டேன். ரிசர்வேஷன் பத்திரமாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்தேன். குளிக்கும்போது கேள்வியை ஒத்திகை பார்த்தேன். 'வர்றீங்களா' என்று கேட்பதா, 'போலாமா' என்று கேட்பதா? எப்படிக் கேட்டாலும் கெஞ்சுவது போலத்தான் இருந்தது. அவராகவே ஒரு நாள், "என்ன தாமரை, ஏதோ யோசனையா இருக்க?" என்று கேட்டுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினேன். கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள், இந்தியன் ஸ்டோருக்குப் போனோம். பேப்பர் பிளேட்டும் முறுக்கும் வாங்க அவர் உள்ளே போனார். நானும் மாளவிகாவும் காரில் இருந்தோம். அவள் ஷ்யாமளாவின் பெண்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் போவதாகச் சொன்னாள்.

"அனுப்பு. ஆனா உங்கப்பா மாதிரி நாம நாமன்னு சொல்லி இன்னும் நாலு பேரைச் சேத்துடாத" என்றேன். "அவருக்கு நாமக்கும் நாங்கக்கும் வித்தியாசம் தெரியாது."

"நோ அம்மா, ஹி நோஸ்" என்றாள் மாளவிகா. "தமிழ் ஸ்கூல் டெஸ்டுக்கு அப்பாதான் சொல்லிக்கொடுத்தாங்க. 'நாங்க'ன்னா யூ ஆர் நாட் இன்வைட்டட். 'நாம'ன்னா யூ ஆர் இன்வைட்டட். நான் தப்பா சொன்னா திருப்பித் திருப்பிச் சொல்ல வெப்பாங்க."

அவர் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது கண்ணாடியில் தெரிந்தது. நான் இறங்கிப் பின்பக்கம் போனேன். காரின் டிக்கியைத் திறந்து பைகளை வைத்து மூடும்வரை பொறுத்திருந்தேன்.

"வாஞ்சிகிட்ட நாமன்னு தெரிஞ்சேதானே சொன்னீங்க?"

தலை ஆடவில்லை. பார்க்கிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பார்சிப்பனி விஷயம் வாஞ்சி சொல்லிட்டான்" என்றார். "நீ நாப்பான்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா பதில் சொல்லணும்ல? எனக்கு நாப்பத்தெட்டு வயசு தாமரை. என் டீம்ல பாதிப் பேரைத் தூக்கிட்டாங்க. இந்த சீட்டை விட்டு எழுந்தா இன்னொரு எடத்துல என்னை எவன் உக்கார வைப்பான்? வரலன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்ற தைரியம் எனக்கு இல்ல. கூட நாலு பேர் இருந்தா நீ கேக்க மாட்டன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கூடவே பாவமாகவும் இருந்தது, அது கோபத்தை இன்னும் கூட்டியது. பயப்படுகிற மனிதரை எப்படித் திட்டுவது?

"நானும் சீட்டை விட்டு எழுந்துதானே வந்தேன்? ரெண்டு தடவை. எனக்கு மட்டும் பயமில்லையா?"

அதற்குத் தலையாட்டினார். அந்த ஆட்டலில் என் பொறுமை போய்விட்டது.

"சரி, எல்லாரும் வரட்டும். நான் இனிமே கேக்கப்போறதில்ல. சனிக்கிழமை டின்னர்ல எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். செவ்வாய்க்கிழமை ஓகே சொல்றேன்னு. நான் பார்சிப்பனி போறேன்னு."

அங்கேயே நின்று ரெஸ்டாரண்டுக்கு ஃபோன் போட்டேன். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு டிக்கி மேல் வைத்தேன். இரண்டு பேரை எட்டுப் பேராக மாற்ற வேண்டும் என்றேன். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக வருத்தம் தெரிவித்தாள். விடுமுறை வாரம், எட்டுப் பேருக்கு ஒரே மேசை கிடையாது. வேண்டுமானால் நாலு நாலு பேராக இரண்டு மேசை தரலாம், ஒன்று உள்ளே, ஒன்று வெளியே முற்றத்தில். பிரிந்து உட்கார உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

செழியன் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாவற்றையும் கேன்சல் பண்ணிவிட்டு அந்தப் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து பேசியிருப்பேன். அவர் காருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மாளவிகா ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

சம்மதம் என்றேன். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்தாள்.

"மாளவிகா எந்த டேபிள்ல?" என்று கேட்டார் செழியன்.

அவர் கேட்டது டின்னரைப் பற்றி மட்டும் இல்லை என்று தெரிந்தே, நான் டிக்கி மேலிருந்து ஃபோனை எடுத்துப் பைக்குள் போட்டேன்.