ஏழாம் கேள்விக்கு எத்தனை மதிப்பெண்?

மாவட்ட மருத்துவமனைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மூவர் குழுவில் சியோனேயைச் சேர்த்தது மரியாதைக்காக இல்லை. ஊழியர் தரப்பில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று விதி. மூத்தவர்கள் நழுவிவிட்டார்கள். இருபத்தாறு வயது நர்ஸ், குடும்பத்திலேயே முதல் பட்டம், பெரிய மனிதர்கள் முன்னால் அடங்கித்தான் உட்காருவாள் என்று நம்பிவிட்டார்கள்.

குழுத் தலைவர் கோண்ட்வே, மாவட்ட அலுவலகத்து ஆள். டாக்டர் ஹாராவுக்குத்தான் வேலை என்று காலையிலேயே சொல்லிவிட்டார். வெளிநாட்டுப் படிப்பு, கோட்டு, கம்பீரமான பேச்சு, வேறென்ன வேண்டும்? மற்றதெல்லாம் சடங்காம். அந்த ‘மற்றது’ எனெலேசி. எட்டு மாதமாக மருத்துவமனையைத் தற்காலிகப் பொறுப்பேற்று நடத்திவரும் மேட்ரன்.

ஆறு கேள்விகள் தாளிலேயே அச்சாகியிருந்தன. ஏழாவது இடம் குழுவினருக்கு. சியோனே கேட்டாள்.

“நீங்க எடுத்த முடிவால ஒரு நோயாளிக்குக் கெடுதல் வந்திருக்கா? வந்தப்ப என்ன செஞ்சீங்க?”

முதலில் வந்த ஹாரா சிரித்தார். இத்தனை வருடத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்றார். கோண்ட்வே பத்துக்குப் பத்து போட்டார்.

அடுத்து வந்த எனெலேசி சிரிக்கவில்லை. போன மழைக்காலத்தில் ஆய்வக ஊழியர் ஒருவர் இறந்தபோது, சவத்தைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸை அனுப்பியதைச் சொன்னாள். எல்லா மருத்துவமனையிலும் அதுதான் வழக்கம், அனுப்பாவிட்டால் கூட வேலை பார்ப்பவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. துக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு பதினைந்து பேர் ஏறிக்கொண்டார்கள். வண்டி மறுநாள்தான் திரும்பியது. அன்றைக்கென்று மலைப்பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ஒருத்தி பிரசவ வலியோடு நாலு மணி நேரம் வண்டிக்குக் காத்திருந்து, கடைசியில் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தாள். தாய் மட்டும் பிழைத்தாள்.

குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தது சியோனேதான். அன்று முழுக்க எனெலேசியை மனசுக்குள் திட்டித் தீர்த்தவளும் அவள்தான்.

“டிரைவர் மேல போட்டுடுங்கன்னு சொன்னாங்க. அனுப்புனது நான். காலைக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னேன். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயும் சொன்னேன். இப்ப சவத்துக்கு வாடகை லாரிதான். அதுக்கப்புறம் இங்க ஒருத்தரும் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடறதில்ல” என்றாள் எனெலேசி.

அவள் வெளியே போனதும் கோண்ட்வே ஏழாம் கட்டத்தில் சுழி போட்டார். தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவளை எப்படித் தலைமையில் உட்கார வைப்பது என்று கேட்டார்.

“ஒப்புக்கிட்டதாலதான் சார் உட்கார வைக்கணும். தப்பே நடக்காத ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு சொல்லுங்க, எனக்குக் காய்ச்சல் வந்தா அங்கயே போய்ப் படுத்துக்கறேன்.”

“இங்க பாரும்மா, தீவு ஆஸ்பத்திரியில நர்ஸ் இல்லாம கிடக்கு. தெரியும்ல?” அதை அவர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

வாரத்துக்கு ஒரு படகு போகும் தீவு. சியோனே பயந்தாள். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“அங்கயும் பொம்பளைங்க பிள்ளை பெத்துக்கறாங்க சார், போறேன். இந்தத் தாள்ல கையெழுத்து மட்டும் போட மாட்டேன்.”

பெரும்பான்மை போதும். கோண்ட்வே மூன்றாவது உறுப்பினர் பக்கம் திரும்பினார். நம்பேவே, ஊர்ச் சுகாதாரக் குழுவின் தலைவி, கைநாட்டுக்காரி. மை டப்பாவைத் திறந்து அவள் முன்னால் தள்ளி, இங்கே வைத்தால் போதும் என்று இடத்தைக் காட்டினார்.

நம்பேவே தாளைப் பார்க்கவில்லை.

“எங்க ஊர்ல நிறைய பேரு செத்துருக்காங்க. ‘என்னாலதான்’னு வீடு தேடி வந்து சொன்னவங்க இந்த அம்மா ஒருத்திதான். அதுக்கு நீங்க முட்டை போடுறீங்க” என்றாள். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சியோனே தாளைத் தன் பக்கம் இழுத்தாள். குறிப்பு எழுத விட்டிருந்த இடத்தில் எழுத ஆரம்பித்தாள். ‘ஏழாம் கேள்வி. எனெலேசி, பத்து. ஹாரா, சுழி. காரணம்...’

தாளைக் கொடு என்று கோண்ட்வே கையை நீட்டினார். அவள் நிமிரவில்லை.

“இருங்க சார். இடம் பத்தாது போலிருக்கு. இன்னொரு தாள் வேணும்.”