நான்காவது முகம்

யட்டியாந்தோட்டை கடைவீதியில் பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு வெளிநாட்டு வேலை ஏஜென்சி. அதன் இணையதளத்தைக் கவனிப்பது நுஹாவின் வேலை. யார் வந்தார்கள், எதுவரை பார்த்தார்கள், எங்கே விரல் வைத்தார்கள் என்பதையெல்லாம் ஒரு மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். அதிகம் தொட்ட இடம் சிவப்பு, யாரும் சீண்டாத இடம் நீலம். ஹீட்மேப் என்பார்கள். நுஹா நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் முதலாளி றம்ஸீனுக்கு அந்தச் சிவப்பின் மீது தீராத ஆசை.

அன்று சிவப்பு அவர் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. முகப்புப் பக்கத்தில், விமான நிலையத்துக்கு முன்னால் ஆறு பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று உண்டு. அதில் நான்காவது பெண்ணின் முகம் மட்டும் சிவந்து கிடந்தது. வெறும் படம் அது. தொட்டால் எங்கேயும் போகாது.

"சனம் அங்கதானே தொடுது. அந்த எடத்துல விண்ணப்பப் பட்டன போடு. நான் தொழுதிட்டு வாறதுக்குள்ள முடிச்சி வை" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

சனமாவது மண்ணாவது. பதிவுகளைத் திறந்ததுமே நுஹாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதத்தில் நானூற்றுச் சொச்சம் தடவை. பத்துப் பதினைந்தைத் தவிர எல்லாம் ஒரே போனிலிருந்து. தினமும் நாலு மணி தாண்டியதும் வரும். வேறெதையும் பார்க்காது. அந்த முகத்தை மட்டும் தொடும், நிறுத்தும், மறுபடி தொடும். பூட்டிய கதவைத் தட்டுகிற மாதிரி.

அந்த முகம் அவளுக்குத் தெரியும். பிரேமலதா. தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்திலிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். நாலு மாதமாக அவளிடமிருந்து பேச்சுமூச்சில்லை. புருஷன் மதுசன் மூன்று தடவை இங்கே வந்து, அந்த வீட்டு நம்பரையாவது தாங்க என்று கெஞ்சினான். "நல்லா ஈக்கிறா, சும்மா கரச்சல் பண்ண வாணாம்" என்று றம்ஸீன் அவன் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். துண்டு அதோடு போனதுதான். நுஹா அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அலுமாரியிலிருந்து பிரேமலதாவின் கோப்பை எடுத்தாள். குவைத் வீட்டு எண் முதல் பக்கத்திலேயே இருந்தது. குடும்பத்தின் எண் என்று எழுதியிருந்தது பிரேமலதாவின் பழைய சிம். அழைத்துப் பார்த்தாள், பாவனையில் இல்லை என்றது. தினமும் படத்தைத் தொடுவது மதுசனாகத்தான் இருக்கும்; அவனை எட்ட இருந்த ஒரே வழி அந்த முகம்தான். விண்ணப்பப் பட்டனைப் போட்டால் அதுவும் அடைபட்டுவிடும். போடாவிட்டால் இந்த வேலை போய்விடும். வாப்பா படுக்கையில் விழுந்த பிறகு அவள் உழைப்பில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

ஆனாலும் அந்த முகத்தையே பட்டனாக்கி, அதன் அடியில் தன் கைபேசி எண்ணை வைத்தாள். முகத்தைத் தொட்டால் எண் வரும், பச்சையை அழுத்தினால் அழைப்பு அவளுக்கு வரும்.

நாலு மணிக்கு றம்ஸீன் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"சரியா?"

"சரி நானா. மொகத்தயே பட்டனாக்கிட்டேன்."

"எங்க, தொட்டுக் காட்டு பாப்பம்."

"புதுசு ஏற கொஞ்சம் நேரமெடுக்கும் நானா."

அவர் நகரவில்லை. நாலு பத்து. நாலு பன்னிரண்டு. பொறுமை கெட்டுத் தன் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடத் தொடங்கினார். அப்போது மேசைமேல் நுஹாவின் போன் அதிர்ந்தது. தெரியாத எண். இனி மறைத்துப் பயனில்லையென்று அவள் அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா?" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

ஆத்திரத்தில் விரலால் குத்தும் ஓர் ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருந்தவள் போனைத் தன் பக்கம் இழுத்தாள். "அம்மா இல்ல மகள். அப்பாட்ட குடுங்க."

மதுசன் மூச்சு வாங்கப் போனுக்கு வந்தான். "மன்னிச்சிக்கங்க மிஸ், பாப்பா தெரியாம எடுத்திருச்சி. இமோ வீடியோவுல அவங்கம்மா மூஞ்சியத் தொட்டுத்தான் கோல் எடுத்துப் பழக்கம். நான் ரப்பர் பால் வெட்டிட்டு வந்தோன்ன போன வாங்கி, இந்தப் படத்துலயும் அம்மா வருவாங்கன்னு தெனம் தொட்டுக்கிட்டு இருக்கும்."

றம்ஸீனின் முகம் கறுத்தது. "கட் பண்ணு, நுஹா."

நுஹா கோப்பைத் திறந்தாள். "நான் ஏஜென்சிலருந்து நுஹா பேசுறேன். ஒங்கட மனிசி வேல செய்ற வீட்டு நம்பர் சொல்றேன், எழுதிக்கங்க." மளமளவென்று படித்து முடித்தாள்.

"நாளைக்கி நீ வர வாணாம்" என்றார் றம்ஸீன்.

"சரி நானா."

"மிஸ், இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான் மதுசன். "பேனா தேடிக்கிட்டிருந்தேன்." பக்கத்தில் குழந்தை, அம்மா எடுத்துட்டாங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

நுஹா ஒவ்வொரு இலக்கமாக, முன்பைவிடச் சத்தமாகப் படித்தாள்.