அந்நிய ஆண்

பெண்கள் வார்டு வாசலில் அன்று காலை இருந்தவர்கள்: சாவிக்கொத்து வைத்திருந்த நர்ஸ் காஸெமி, கட்டுப் பிரிக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷோலே, மழுங்கச் சவரம் செய்த முகத்தோடு பெஹ்சாத், அவனுடைய துணிப்பையைச் சுமந்துகொண்டு தூரஜ். பெஹ்சாத்தின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

யோசனை தூரஜுடையது. தெஹ்ரானில் இரண்டு வருடம் சட்டம் படித்து, பரீட்சைக்குப் போகாமல் நின்றுவிட்டவன். இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். படித்ததில் ஒன்று மட்டும் மண்டையில் தங்கியிருந்தது. ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்ந்தால் தூக்குக் கயிறு வரைக்கும் போகலாம். ஆனால் அதில் ஒருவன் தன்னைப் பெண் என்று சொல்லி, டாக்டர்கள் ஒப்புக்கொண்டு, கோர்ட்டும் அனுமதித்து, அறுவை சிகிச்சை முடிந்துவிட்டால், முல்லாவே உட்கார்ந்து நிக்காஹ் செய்து வைப்பார்.

"சட்டம் மாறவே மாறாதா?" என்று, தூரஜ் அதைச் சொன்ன முதல் நாளே பெஹ்சாத் கேட்டான். ரொட்டியைப் பிய்த்துப் பாலாடைக்கட்டியை உள்ளே வைத்துக்கொண்டிருந்தான்.

"நம்ம பேரன் காலத்துலகூட மாறாது."

"பேரன் வேறயா. மொதல்ல ஒரு புள்ளையப் பெத்துக் குடுடா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் தூரஜ் மறுபடி அதையே பேசினான். மறுநாளும் பேசினான். பெஹ்சாத் ஒரு கட்டத்தில், "சரி, எழுது" என்றான்.

மனு ஆறு பக்கம். சின்ன வயதில் அம்மாவின் பாவாடையை உடுத்திப் பார்த்தது, பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கியது எல்லாம் தூரஜ் எழுதியவை. பெஹ்சாத் பொம்மையைத் தொட்டதில்லை. ஒன்பது வயதிலிருந்து மல்யுத்தக் களத்தில் புரண்டவன். இரண்டு காதும் நசுங்கித் தடித்திருக்கும். அதில் அவனுக்குப் பெருமை. ஆறு பக்கத்தையும் மனப்பாடம் செய்து டாக்டர்கள் குழுவுக்கு முன்னால் ஒப்பித்தான். வெளியே வந்து, "அந்த டாக்டர் கண்ணத் தொடச்சுக்கிட்டாருடா. எனக்கே மனுவுல வர்ற அந்தப் பொண்ண நெனச்சாப் பாவமா இருந்துச்சு" என்றான்.

அதன்பிறகு எட்டு மாதம் ஹார்மோன் மாத்திரை. தோள் கரைந்துபோயிற்று.

பெஞ்சில் ஷோலே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் ஆகியிருந்தது. "எத்தன வருஷமாக் காத்திருக்க?" என்று பெஹ்சாத்தைக் கேட்டாள்.

"காத்திருக்கல்லாம் இல்லக்கா. கல்யாணத்துக்காகத்தான்."

"பொண்ணா இருக்கணும்னு?"

"அப்படில்லாம் இல்ல."

ஷோலே கொறிப்பதை நிறுத்தினாள். தூரஜ் பக்கம் திரும்பினாள்.

"நான் இந்தக் கத்திக்குப் பதினாறு வருஷம் ஏங்கிக் கெடந்தேன். எனக்கு இது உசுரு. இவனுக்கு என்ன, காயிதத்துல குத்துற முத்திரையா? அவ்வளவு கல்யாண ஆசைன்னா நீ போய்ப் படுத்துக்க வேண்டியதுதான, தம்பி?"

 இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட அந்த எண்ணம் தூரஜுக்கு வந்ததில்லை. மனுவின் முதல் வரியில் பெஹ்சாத்தின் பெயரை எழுதும்போது பேனா நின்றதாகக்கூட ஞாபகம் இல்லை.

காஸெமி கதவைத் திறந்து ஒரு வெள்ளை முக்காட்டை நீட்டினாள். "கோர்ட் தாள் வந்தாச்சு. இனிமே நீ பொண்ணுங்க பக்கம்தான். போட்டுக்கிட்டு வாம்மா."

பெஹ்சாத் அதைத் தலையில் போட்டான். நசுங்கிய காது ஒன்று வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சரி செய்ய தூரஜ் கையை நீட்டினான்.

"கை வைக்காதீங்க. நீங்க யாரு இவங்களுக்கு?"

"கட்டிக்கப் போறவன்."

"கட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அந்நிய ஆண். தள்ளி நில்லுங்க. உள்ள வர முடியாது. பார்க்கவும் முடியாது."

ஆறு வருடம் ஒரே அறையில், ஒரே கம்பளிக்குள் தூங்கியிருக்கிறார்கள். கடைத்தெருவில் தோளில் கை போட்டு நடந்திருக்கிறார்கள். இரண்டு ஆண்களை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது சட்டம் அவர்களைக் கண்ணெடுத்துப் பார்த்தது. பார்த்தவுடன் பிரித்து நிறுத்தியது. பெஹ்சாத்துக்கும் அது உறைத்திருக்க வேண்டும். பழைய குரலில் மெதுவாகச் சிரித்தான்.

"நல்லா வேணும்டா நமக்கு."

"சொல்ல வேண்டியது எதுவும் இருந்தா இப்பவே சொல்லிக்கங்க" என்றாள் காஸெமி. "பதினோரு மணிக்கு மயக்க டாக்டர் வந்துடுவார். ஆபரேஷன் ஆனப்புறம் திருப்பிக் கேட்டா முடியாது."

பெஹ்சாத் பையை வாங்கிக்கொண்டான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"என்னடா. சொல்லு."

அவன் எதற்காக நிற்கிறான் என்று தூரஜுக்குத் தெரியும். பெஞ்சில் இருந்த ஷோலேவுக்கும் தெரியும். வீட்டுக்குப் போகலாம் என்றால் போதும், முக்காட்டைக் கழற்றி நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவான். ஆனால் அதைச் சொன்னால் மாத்திரை, கரைந்த தோள், ஆறு பக்கப் பொய், எல்லாம் தன்னுடைய வேலைதான் என்று இந்த வாசலிலேயே ஆகிவிடும்.

"செருப்பு பைக்கு அடியில இருக்கு" என்றான் தூரஜ்.

பெஹ்சாத் அவனையே பார்த்தான். பிறகு, "சரி" என்று சொல்லி அடுத்த காலையும் உள்ளே எடுத்து வைத்தான்.

காஸெமி கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து சாவி இரண்டு தடவை திரும்பியது.